இடிக்கிற வீட்டில் இருக்கலாமா?

பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் செலவைக் கேட்பார்கள். அடுத்து வருவது இது: "நாங்க இங்கேயே இருந்துக்கிறோம் மேடம். ஒவ்வொரு ரூமா முடிச்சுக் கொடுத்துட்டீங்கன்னா போதும்." வாடகை மிச்சம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், வேலையாட்களைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று காரணங்களும் தயாராக இருக்கும். மூன்றுமே நியாயமானவைதான். ஆனால் எந்த வேலை நடக்கப்போகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் நான் சரி என்று சொல்வதில்லை.

சென்னையில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். புது வீடு கட்டும் வேலையைவிட, இருக்கிற வீட்டை மாற்றிக் கட்டும் வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம் பக்கம் 1970, 80-களில் அப்பா கட்டிய தனி வீட்டை இப்போது மகனோ மகளோ சரிசெய்ய நினைக்கிறார்கள். மொசைக் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ், பழைய அலுமினிய ஒயருக்குப் பதில் புது ஒயரிங், கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் பதில் அறைக்கு ஒன்று, மாடியில் இரண்டு அறை. எல்லாவற்றையும் 'ரெனொவேஷன்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் வீட்டில் இருப்பவர்களைப் படுத்தும் விதம் வேறு.

கூரையில் கை வைப்பதாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, வெளியேறிவிட வேண்டும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தட்டித் தட்டி இறுக்கிய தளம். கீழே நின்று பார்த்தால் உத்தரம் முழுசாகத்தான் தெரியும். மேலே ஜல்லியை எடுத்த பிறகுதான், சுவருக்குள் போகும் முனையைக் கரையான் அரித்துத் தின்றிருப்பது தெரியும். எந்த உத்தரம் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வேலையைத் தொட மாட்டேன்.

கான்கிரீட் தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவதற்கும் அதே பதில்தான். போட்ட தளத்துக்கு எத்தனை நாள் முட்டு நிற்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதியில் கணக்கு இருக்கிறது. நாலரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி வரையிலான தளத்துக்குக் குறைந்தது 7 நாள். அதற்கு மேல் 14 நாள். பீம் ஆறு மீட்டருக்கு மேல் போனால் 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு. இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட் மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் சில நாள் விட்டுவைப்போம். அதுவரை ஹால் முழுக்க முட்டுக்கம்பும் ஜாக்கியுமாக நிற்கும். விளையாடுகிற பிள்ளை இடித்து ஒரு முட்டு நகர்ந்தாலும் ஆபத்து.

இருக்கிற தளத்துக்கு மேல் மாடி எழுப்புவது வேறு. கீழே குடியிருந்துகொண்டே அதைச் செய்யலாம், பலரும் செய்கிறார்கள். மாடிப்படி வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். கலவையும் செங்கல்லும் வீட்டுக்குள் நுழையாமல் மேலே போக வேண்டும். மொட்டை மாடியின் சுண்ணாம்புத் தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. தை பிறந்ததும் ஆரம்பித்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளில் தூண் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, அது இறுகிய பிறகுதான் சுவரை எடுக்க வேண்டும். அந்த நாட்களில் அந்தப் பகுதிக்குள் வீட்டார் யாரும் நடமாடக் கூடாது.

இனி தூசிக்கு வருகிறேன். ஆபத்து என்றால் மேலிருந்து விழுவதைத்தான் நினைக்கிறோம். நான் அதிகம் பயப்படுவது தூசிக்கு.

ஒயரிங்குக்காகச் சுவரில் காடி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கட்டிங் மெஷினைச் சுவரில் வைத்த அடுத்த நிமிடம், எதிரே நிற்கிற ஆள் தெரிய மாட்டார். அரை மணி நேரத்தில் புழுதி அடங்கிவிட்டது போலத் தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள்தான் அடங்கியிருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகக்கூடிய நுண்துகள் மணிக்கணக்கில் காற்றிலேயே இருக்கும். மணல், கருங்கல் ஜல்லி, கிரானைட், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. சுவாசத்தோடு உள்ளே போகும் அந்தச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சேர்த்துவிட்டது. வருடக்கணக்கில் அந்தத் தூசியிலேயே வேலை செய்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் வரும். வந்துவிட்டால் நுரையீரலை மீட்க மருந்து இல்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு டைல்ஸ் அறுக்கிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. துண்டு எதையும் தடுக்காது. என்-95 முகக்கவசம் வேண்டும், தண்ணீர் விட்டபடி அறுக்க வேண்டும். வேலையை ஒப்பந்தம் பேசும்போதே இந்த இரண்டையும் கேளுங்கள். வீட்டாருக்காக மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளுக்காகவும் கேளுங்கள்.

கதவை மூடி, நிலையில் பழைய புடவையைத் தொங்கவிட்டுவிட்டு அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தார்கள். பூட்டி வைத்திருந்த பீரோவைத் திறந்தால் மடித்த பட்டுப்புடவையின் மடிப்பு ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் இடுக்கில், அரிசி டப்பாவின் மூடிக்குள், பாட்டியின் தலையணை உறைக்குள் எல்லாம் அதே மாவுத் தூசி. பாட்டிக்கு ஏற்கெனவே வீசிங். இருமலோடு என்னிடம், "நான் எங்கேயும் போக மாட்டேம்மா, இது எங்க வீட்டுக்காரர் கட்டின வீடு" என்றார். மருமகளைத் தனியாக அழைத்துப் பேசினேன். மறுநாளே பாட்டியை வேளச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இன்ஹேலர் வைத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், இடிப்பும் காடி எடுப்பும் டைல்ஸ் அறுப்பும் முடியும்வரை அவர் அங்கே இருக்கவே கூடாது. பாசத்துக்கு விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை இது.

பெயின்ட் இன்னொரு கவலை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்று வரம்பு வைத்த விதி 2016-ல் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாற்பது வருட ஜன்னல் கம்பியிலும் கதவு நிலையிலும் அந்தப் பெயின்ட் பல அடுக்காக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பொடியாகத் தரையில் கொட்டும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் கருவையும் எட்டும். மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் இடிக்கிற வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகச் சொன்னார்களோ, அதைக் கேட்டு நடப்பது நல்லது. கழற்றி எடுக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் உடைக்க விடாதீர்கள். நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீரும் கழிப்பறையும். ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் அதை உடைத்தால் அன்றே வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போகும். பழைய பைப்பை எடுக்க வேண்டும், புது லைனில் பிரஷர் வைத்துப் பார்க்க வேண்டும், வாட்டர் ப்ரூஃபிங் செய்து தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும், பிறகு டைல்ஸ். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. வீட்டார் உள்ளேயே இருந்தால், "சீக்கிரம் முடிங்க" என்று நெருக்குவார்கள். தண்ணீர் கட்டிப் பார்க்கும் நாட்கள்தான் முதலில் வெட்டுப்படும். இரண்டு வருடம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கும். இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றை முழுசாக முடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தற்காலிக மின்சார லைனுக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். ஈரத் தரையும் வெட்டுப்பட்ட ஒயரும் ஒரே அறையில் இருக்கும் காலம் அது.

தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீரையும் மறக்க வேண்டாம். கியூரிங் ஏழு முதல் பத்து நாள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆவதற்கும் ஏறக்குறைய அதே நாட்கள் போதும். நாலு நாளைக்கு ஒருமுறை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடச் சொல்வேன்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 18 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 வாடகையில் மூன்று மாதம் வெளியே இருந்தால் 60,000; சாமான் ஏற்றி இறக்கும் கூலி தனி. இதை மிச்சம் பிடிக்க வீட்டிலேயே இருந்தால், டைல்ஸ் மேஸ்திரி ஒரே வீச்சில் முடிக்க வேண்டிய வேலைக்கு மூன்று தடவை வருவார். பெயின்டரும் அப்படியே. சித்தாள் காலையில் ஒரு மணி நேரம் கட்டிலை நகர்த்தி மூடவும், மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் நடமாட்டத்துக்காகப் பெருக்கித் துடைக்கவும் வேண்டியிருக்கும். எட்டு மணி நேரக் கூலியில் இரண்டு மணி நேரம் அதிலேயே போகும். மூன்று மாத வேலை ஐந்து மாதமாக இழுக்கும். மிச்சம் பிடித்ததாக நினைத்த வாடகை கூலியில் போய்ச் சேரும்.

குறுகிய காலத்துக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. பதினோரு மாத ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அதற்கு முன்பே தேட வேண்டும். அதே தெருவில் ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தினமும் ஒரு நடை வந்து பார்க்கலாம். சுவரைப் பூசுவதற்கு முன்னால், உள்ளே போகும் பைப்பையும் ஒயர் குழாயையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். வேலையாட்களைக் கண்காணிக்க அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை, இந்த ஒரு நடை போதும்.

முழுக்க வெளியேறவும் வேண்டாம், முழுக்க உள்ளே இருக்கவும் வேண்டாம் என்பதே பல வீடுகளுக்கு நான் சொல்லும் வழி. இடிப்பு, காடி, தரை மூன்றையும் ஏப்ரல், மே மாதத்துக்குள் அடக்கிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு லீவு; ஊரில் தாத்தா பாட்டி வீடு இருக்கும். பட்டி பார்ப்பது, பெயின்ட், மரவேலை வரும்போது திரும்பி வந்து ஒரு பக்கமாக இருந்துகொள்ளலாம். பட்டி தேய்க்கும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருந்தால் மார்ச் முடியும்வரை கடப்பாரையே வேண்டாம்.

இருப்பதா போவதா என்ற முடிவைப் பெரும்பாலும் வீட்டு ஆண்கள்தான் எடுக்கிறார்கள். காலையில் அலுவலகம் போய்விட்டு இரவு வருகிறவருக்கு அந்த வீட்டில் இருப்பது சிரமமாகத் தெரியாது. தார்ப்பாய்க்குப் பின்னால் ஒற்றை அடுப்பில் சமைத்து, பாத்திரத்தை மூன்று தடவை கழுவி, ஒன்பது மணி முதல் ஆறு மணி வரை டிரில் சத்தத்தில் இருப்பவர் வேறு ஒருவர். அவரிடம் கேட்டுவிட்டு எனக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, மூச்சுத் தொந்தரவு உள்ளவரோ இருந்தால், கூரையையோ இருக்கிற ஒரே கழிப்பறையையோ உடைப்பதாக இருந்தால், வெளியே போய்விடுங்கள். அந்த மூன்று மாத வாடகையை எஸ்டிமேட்டின் முதல் வரியாக, சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் மேலே எழுதிவையுங்கள்.