கால்சென்டர் வேலை வீட்டுக்கு வந்தது எப்படி?

சென்னை: கால்சென்டர் வேலையை வீட்டில் இருந்து பார்ப்பது முன்பு லேசான காரியம் இல்லை. கம்பெனி அதற்கு டெபாசிட் கட்டணும், தனி இணைப்பு எடுக்கணும். கொரோனா பரவியதும் 2020 மார்ச் 13-ந்தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை இதை தற்காலிகமாக தளர்த்தியது. நவம்பரில் பதிவு செய்யும் கட்டாயமே நீக்கப்பட்டது.

2-வது அலையில், 2021 ஏப்ரல் 20 முதல் ஐ.டி. ஊழியர்களில் பாதிப்பேராவது வீட்டில் இருந்து வேலை பார்க்கணும் என்று தமிழக அரசு உத்தரவிட்டது. ஏ.சி. ஹாலில் நெருக்கி உட்கார்ந்தால் ஒருத்தர் தும்மினாலே மொத்த ஷிப்டுக்கும் ஆபத்தாச்சே!

மறுபடி தொற்று வந்தாலும் இதே வழிதான். கம்ப்யூட்டர், நெட் செலவை ஊழியர் தலையில் கட்டாமல் கம்பெனி ஏற்கணும். ஊழியரும் ஷிப்டு நேரத்துக்கு கரெக்டாக லாகின் ஆகணும். வேலையை வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லாத வேன் டிரைவர்களும் கேன்டீன் ஆட்களும்தான் ஓ.எம்.ஆர். சாலையில் அப்போது வருமானம் இல்லாமல் தவித்தனர்.