தட்டம்மை அழிக்கும் பதிவேடு

ஓர் ஊரைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடுகளையும் சாலைகளையும் சில ஆண்டுகளில் மீண்டும் கட்டிவிடலாம். ஆனால், எந்த நிலம் யாருடையது, எந்த ஆறு எப்போது கரை உடைக்கும் என்றெல்லாம் எழுதி வைத்திருந்த பதிவேடுகளும் அழிந்துவிட்டால்? அந்த ஊர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். அதுவரை, பழைய ஆபத்துகூட அதற்குப் புதிய ஆபத்துதான்.

மாணவர்களே, நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. அதை அழிக்கக்கூடிய நோயும் ஒன்று உண்டு. அதுதான் தட்டம்மை. மலாய் மொழியில் இதை ‘சம்பாக்’ என்பார்கள். நீர்க்கொப்புளங்கள் தோன்றும் சின்னம்மை வேறு, இது வேறு.

பதிவேடு எழுதப்படும் விதம்

கிருமி உடலுக்குள் நுழைய முயலும்போது, தோலும் மூக்கிலுள்ள சளிப்படலமும் முதலில் தடுக்கின்றன. அவற்றைத் தாண்டி வந்தால், சில வெள்ளை இரத்த அணுக்கள் கிருமியை விழுங்கி அழிக்க முயல்கின்றன. இவை எல்லாக் கிருமிகளையும் ஒரே விதமாகத்தான் எதிர்க்கும்.

அடுத்து வருபவை பி அணுக்களும் டி அணுக்களும். பி அணுக்கள், வந்திருக்கும் கிருமிக்கு மட்டுமே பொருந்தும் எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. டி அணுக்களில் ஒரு பிரிவு, கிருமி புகுந்துவிட்ட உடல் அணுக்களைத் தேடிச் சென்று அழிக்கிறது. இந்தப் படை முழுமையாகத் தயாராகச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில்தான் நமக்குக் காய்ச்சலும் சோர்வும் ஏற்படுகின்றன.

போர் முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் மடிந்துவிடுகின்றன. ஆனால், சில மட்டும் ‘நினைவு அணுக்களாக’ உடலில் தங்குகின்றன. அதே கிருமி மறுபடியும் வந்தால், இவை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நமக்கு நோய் வந்ததே தெரியாமல் போகலாம்.

இந்த நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும்? வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் சுமார் 6,000 பேர் நோயுற்றனர். அங்கு அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட நோய் தொடவில்லை. 65 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் உடல் மறக்கவில்லை!

பக்கங்களைக் கிழிக்கும் வைரஸ்

தட்டம்மை வைரஸ் தாக்கும் அணுக்களில் இந்த நினைவு அணுக்களும் அடங்கும். நினைவு அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம், அந்த வைரஸ் நுழைய வாசலாகிவிடுகிறது.

நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்பும் வந்த பின்பும் அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். ஆய்வு முடிவு 2019-இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன.

இதில் ஒரு விந்தை உண்டு. குணமான பிறகு உடல் தட்டம்மையை மட்டும் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும். வீட்டைக் கொள்ளையடித்த திருடனின் முகம் மறக்காது; ஆனால் அதற்கு முன் பார்த்த திருடர்களின் முகங்கள் மறந்துபோகும். இழந்த நினைவைத் திரும்பப் பெற, அந்தக் கிருமிகளை உடல் மறுபடியும் சந்திக்க வேண்டும். இதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம் என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது தட்டம்மையை எதிர்க்கக் கற்றுத் தருகிறது. ஆனால் பழைய நினைவை அழிப்பதில்லை.

ஒரு நாட்டின் மதில்

தட்டம்மை கண்ட ஒருவர், பாதுகாப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடும். 15 பேர் என்று வைத்துக் கணக்கிடுவோம். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், நோய் ஒருவரை மட்டுமே எட்டும். 14-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 93 விழுக்காடு. தொற்று தேய்ந்து மறைய, அதைவிடச் சற்றுக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும். ஆகவேதான் 95 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி தேவை என்கிறார்கள்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் இந்த மதில் இடிந்தது. 2018 ஜூலையில், தடுப்பூசி போடப்பட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் தூளை நீரில் கலப்பதற்குப் பதிலாகத் தசைகளைத் தளர்த்தும் மருந்தில் கலந்ததே காரணம். தடுப்பூசியில் குறை இல்லை. ஆனாலும் மக்களின் நம்பிக்கை உடைந்தது. தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் 31 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது.

2019-இன் பிற்பகுதியில் தட்டம்மை நுழைந்தது. சுமார் இரண்டு இலட்சம் பேரே வாழும் நாட்டில் 5,700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 83 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

நவம்பர் 15-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாள்களும் நாடே வேலையை நிறுத்தியது. தடுப்பூசி போடாதவர்கள் இருந்த வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டப்பட்டது. சுகாதாரக் குழுவினர் அதைப் பார்த்து வீடு வீடாகச் சென்றனர். ஆண்டு முடிவதற்குள் தடுப்பூசி விகிதம் ஏறத்தாழ 95 விழுக்காட்டைத் தொட்டது.

சமோவா தன் மதிலைச் சுமார் ஆறு வாரங்களில் திரும்பக் கட்டியது. ஆனால், தட்டம்மை அழித்த பதிவேட்டை ஒரு பிள்ளையின் உடல் திரும்ப எழுத ஆண்டுகள் ஆகலாம். ஊருக்கு உதவ அண்டை நாடுகள் வரலாம். உடலோ, அந்த வேலையைத் தனியாகத்தான் செய்தாக வேண்டும்.

இது எங்கோ தொலைவில் நடந்த கதை மட்டுமன்று. அதே 2019-இல், கிளந்தானின் கோலா கோ பகுதியில் பாத்தேக் பூர்வகுடியினர் சிலர் இறந்ததன் பின்னணியில் தட்டம்மை இருந்ததை மலேசியச் சுகாதார அமைச்சு உறுதிசெய்தது.

உங்கள் குழந்தைப் பருவத் தடுப்பூசிப் பதிவைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘எம்எம்ஆர்’ என்ற வரியில் இரண்டு தவணைகளும் குறிக்கப்பட்டுள்ளனவா? ஒன்று விடுபட்டிருந்தால், அருகிலுள்ள மருந்தகத்தில் மருத்துவரிடம் கேளுங்கள். இப்போதும் போட்டுக்கொள்ளலாம்.