ஈர்ப்பலை ஆராய்ச்சியும் நமது வாலிபர்களும்

விருத்தாசலத்தைக் கடந்து திருச்சி மார்க்கமாகச் செல்லும் ரயில்கள் பெண்ணாடத்தைத் தாண்டும்போது தண்டவாளத்தை அடுத்த நிலம் அதிர்வதை அவ்வூரார் நன்கறிவர். அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்து லிவிங்ஸ்டன் என்னுமிடத்திலும் இதே தொல்லை உண்டு. அங்கே 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கரங்களை விரித்து நிற்கும் 'லைகோ' கருவிக்கு, பக்கத்தே ஓடும் ரயிலும், காட்டில் வெட்டுண்டு விழும் மரமும் பெரும் இடையூறுகள். வாஷிங்டன் மாகாணத்து ஹான்போர்டிலுள்ள இரட்டைக் கருவியிலோ, பனி உறைந்த குழாயை அண்டங்காக்கைகள் கொத்திய சப்தமே ஒரு சமயம் பதிவாகி, சாஸ்திரிகளைத் திகைக்க வைத்தது!

இவ்வளவு நுட்பம் எதற்காக என்று கேட்கலாம். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலை, 2015 செப்டம்பர் 14-ந் தேதி பூமியைக் கடந்து சென்றது. அது அக்கரங்களின் நீளத்தில் உண்டாக்கிய மாறுதல், புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவினது. அதைக் காக்கை கொத்தலினின்றும் ரயில் அதிர்ச்சியினின்றும் பிரித்தறிவதே இத்துறையின் பாதி வேலை.

இந்தப் பிரித்தறியும் வித்தையில் இந்தியர் பங்கு சிறிதன்று. எந்த மாதிரி அலைவடிவங்களை எவ்வளவு நெருக்கமாக வைத்துத் தேடவேண்டும் என்ற கணக்கை, சஞ்சீவ் துரந்தரும் பி. எஸ். சத்யப்பிரகாஷும் 1991-லேயே வகுத்தனர். கருவி அலையைக் கண்டது அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகே என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இன்று தேடவேண்டிய குவியல் பெருகிவிட்டது. 2020-ல் முடிந்த மூன்றாம் சுற்றுவரை கண்ட மோதல்கள் 90. 2025-ல் வெளியான ஜாபிதாவில் அத்தொகை 218 ஆயிற்று. ஒரு மோதலில் ஈடுபட்ட பொருள்களின் எடையையும் தூரத்தையும் பழைய முறையில் கணிக்கப் பல மணி நேரமோ, சில நாட்களோ பிடிக்கும். முன்கூட்டிப் பழக்கப்பட்ட இயந்திரக் கற்றல் முறைகள் அதையே சில விநாடிகளில் மதிப்பிடத் தொடங்கியுள்ளன. எனினும், இயந்திரம் சொன்னதை அப்படியே நம்புவது சாஸ்திரமாகாது; அதன் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் பௌதிகமும் கணிதமும் ஒருங்கே தேர்ந்தவர் வேண்டும்.

அவ்வேலையின் பெரும்பங்கைச் சுமப்பவர் யார்? டாக்டர் பட்டம் பெற்று, நிரந்தர உத்தியோகம் கிட்டாமல், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஊர் ஊராய்த் திரியும் வாலிப ஆராய்ச்சியாளரே. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகம், புனேயின் வானியல் மையமான 'ஐயுக்கா', பெங்களூரின் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் ஆகியவற்றில் இத்துறைக் குழுக்கள் உள்ளன. இந்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி உதவியாளர் விகிதம் 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 58,000, 61,000, 67,000 என மூன்று படிகளாக, வீட்டு வாடகைப் படியுடன் நிர்ணயமாகியுள்ளது. தொகை அற்பமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உபகாரச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதித்து வருமாயின், சென்னையில் சொந்த வீடுள்ளவன் தாங்குவான். பெண்ணாடத்தில் கரும்புக்காடு வைத்திருப்பவன் மகன் எப்படித் தாங்குவான்?

மராட்டியத்து ஹிங்கோலி ஜில்லாவில், ஔந்தா என்னுமிடத்தில் மூன்றாவது லைகோ கருவி அமைக்க, 2016 பிப்ரவரியில் மத்திய மந்திரி சபை கொள்கையளவில் இசைந்தது. ரூ. 2,600 கோடிக்கு முழு அநுமதி கிடைத்தது 2023 ஏப்ரலில். இடையே ஏழாண்டுகள்! 2016-ல் அந்த உற்சாகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தவன், பட்டம் பெற்று, அநுமதி வருவதற்குள் ஹானோவருக்கோ கார்டிப்புக்கோ போயிருப்பான். 1930-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கப்பலேறிய எஸ். சந்திரசேகரை 1983-ல் நோபல் பரிசு தேடி வந்தபோது, அவர் அமெரிக்கப் பிரஜை. அன்று நம்மை ஆண்டது அந்நியர் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இன்று யாரைச் சொல்வது?

இன்னொன்றும் கூறுவோம். இக்கருவியின் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள தூய சிலிக்கா. அவற்றின்மேல் சிலிக்காவும் டாண்டலம் ஆக்ஸைடும் மாறி மாறிப் பூசப்படுகின்றன. அப்பூச்சின் வெப்ப நடுக்கமே கருவியின் நுட்பத்துக்குப் பெருந்தடைகளில் ஒன்று. பீங்கான் தொழிலைப் பாடமாகப் போதிக்கும் விருத்தாசலத்தில், இச்செய்தியை மாணவர்க்கு எடுத்துரைப்பார் உண்டோ?

அரசாங்கத்தார் செய்யவேண்டுவது தெளிவு. ஔந்தாவில் கட்டடம் எழும்பும்வரை காத்திராமல், அங்கே கணக்கிடப் போகிறவர்களுக்கு ஐந்தாண்டு நிச்சயமுள்ள இடங்களை இப்பொழுதே சிருஷ்டித்து, சம்பளத்தை மாதந்தோறும் தவறாது அளிக்கவேண்டும். தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகளும் தம் பங்குக்குச் சில இடங்கள் ஒதுக்கலாம்.

வாலிபர்களும் வாளாவிருக்க வேண்டுவதில்லை. லைகோ கருவிகளின் பதிவுகள் குறித்த காலத்துக்குப்பின் உலகோர் அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்படுகின்றன. பெண்ணாடத்தில் கணினி ஒன்றும் இணையத் தொடர்பும் உள்ள பட்டதாரி, 2015-ல் பதிவான அந்த முதல் அலையைத் தன் கையாலேயே இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துப் பழகலாம். வெளிநாட்டு இடங்களுக்கான மனுக்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் கேட்கப்படுகின்றன. சிபார்சுக் கடிதங்கள் மூன்று வேண்டியிருக்கும். ஆசிரியர்களிடம் ஆடி மாதத்திலேயே சொல்லி வைப்பது உசிதம்.