நடுக்கம் மட்டுமல்ல நோய்



பார்க்கின்சன் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் புனித இரண்டாம் யோவான் பவுல். 2003ஆம் ஆண்டு நம் திண்டுக்கல் மறைமாவட்டத்தை நிறுவிய திருத்தந்தை அவரே. அவருடைய நடுங்கும் கையையும், 2005 உயிர்ப்பு ஞாயிறன்று சன்னலருகே வந்தும் பேச இயலாமல் சைகையால் ஆசீர் அளித்ததையும் உலகமே கண்டது. ஆனால் இந்நோயில் பிறர் கண்ணுக்குத் தெரியாத துன்பங்களும் உண்டு.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. நோய் அங்கேயே நிற்பதில்லை. குடலை இயக்கும் நரம்புகளையும், உறக்கத்தையும் மனநிலையையும் காக்கும் பகுதிகளையும் அது தாக்குகிறது. அதனால் மலச்சிக்கல் வரும். நிலக்கோட்டை மல்லிகையைக் கையில் வைத்திருந்தாலும் மணம் தெரியாது. கனவில் கத்துவார்கள், உதைப்பார்கள். இவை நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கலாம். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும். தீராத களைப்பு, பதற்றம், மறதி, மனச்சோர்வு ஆகியவையும் சேரும்.

வீட்டிலோ, "சோம்பேறியாகிவிட்டார்" என்கிறோம். "விசுவாசம் குறைந்துவிட்டது" என்கிறோம். இல்லாத ஆள் தெரிவதாகச் சொன்னால் பேய் என்று பயப்படுகிறோம். மனச்சோர்வு இந்நோயின் ஒரு பகுதி. அது பாவமுமல்ல, பலவீனமுமல்ல. இல்லாதது தெரிவதும் நோயாலோ மருந்தாலோ வரக்கூடியதே. இவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பலவற்றைச் சிகிச்சையால் குறைக்க முடியும். மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.

இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் மனமுடைந்து, சாக வேண்டும் என்று மன்றாடினார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். நோயாளியிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதுதான்.

நற்செய்தி வாசிக்கும்போது ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு நற்கருணை வீடு தேடி வரும். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரவெல்லாம் விழித்திருந்து கவனிக்கும் மனைவியை, மகனை, மருமகளை மறந்துவிடக் கூடாது. அன்பியத்தார் முறைவைத்து வாரம் ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால், அவர்கள் சற்றுக் கண்ணயரலாம்.

நம் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா? இந்த வாரமே அங்கு செல்வோம். அறிவுரை வேண்டாம், அருகில் அமர்வோம். ஆண்டவர் நம்மோடு இருப்பாராக.