தானே நகர்ந்து வரும் ரம்பம்

மேசை ரம்பத்தில் மரம்தான் பிளேடைத் தேடிப் போக வேண்டும். எட்டடிப் பலகையைத் தனியாளாகக் குறுக்கே அறுப்பதென்றால் பெரும்பாடு. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை திரும்பும். ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் பலகை அசையாமல் கிடக்கும். மேலே நீண்ட இரும்புக் கையில் தொங்கும் மோட்டாரும் பிளேடும் சறுக்கி வந்து அறுத்துவிட்டுத் திரும்பும்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் மர ஆலை ஒன்றை நடத்திவந்த ரேமண்ட் டிவால்ட் 1922-இல் இதை உருவாக்கினார். அவர் தொடங்கிய கம்பெனியின் பெயரைத்தான் இன்று நம் ஊர்க் கடைகளில் மஞ்சள் நிற டிரில்கள் தாங்கி நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீட்டுக் கார் கொட்டகைகளில் இந்த ரம்பம் குடியேறியது. சுவரோரமாக நிறுத்தலாம், குறுக்கே, கோணலாக, நெடுக்காக எப்படியும் அறுக்கலாம், காடி எடுக்கலாம். ஒரே இயந்திரம், பல வேலை.

ஆபத்தும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. குறுக்கே அறுக்கும்போது பற்கள் மரத்தைக் கீழேயும் பின்னால் உள்ள தடுப்புக்கட்டை பக்கமும் தள்ளும். பலகை அசையாமல் நிற்பது அதனால்தான். ஆனால் மரத்தை அந்தப் பக்கம் தள்ளும் பிளேடு, அதே விசையில் ஆளை நோக்கித் தானே நகரப் பார்க்கும். பழக்கமில்லாதவர் ரம்பத்தை இழுப்பதாக நினைப்பார். உண்மையில் அதைத் தடுத்துப் பிடிப்பதுதான் வேலை. வலக்கையை விறைப்பாக வைத்து, மெதுவாக வரவிட வேண்டும். மரத்தைப் பிடிக்கும் கை பிளேடு வரும் பாதையிலிருந்து ஆறு அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். பற்கள் முன்பக்கம் அதிகம் சாயாத பிளேடு போட்டால் இந்த வேகம் அடங்கும். அறுத்ததும் ரம்பத்தைத் தடுப்புக்கட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திய பிறகே துண்டை எடுக்க வேண்டும்.

நெடுக்கு அறுப்பு இதைவிட மோசம். மோட்டாரும் பிளேடும் உள்ள தலைப்பகுதியைத் திருப்பிப் பூட்டிவிட்டு மரத்தைப் பற்களின் ஓட்டத்துக்கு எதிராகச் செலுத்த வேண்டும். தவறிப்போய் மறுபக்கத்திலிருந்து செலுத்தினால், பிளேடு பலகையைப் பிடுங்கி ஈட்டிபோல் எறியும். பிடித்திருந்த கையும் கூடவே போகலாம்.

1958 முதல் 1992 வரை விற்பனையான கிராஃப்ட்ஸ்மேன் பிராண்ட் ரேடியல் ஆர்ம் ரம்பங்கள் பலவற்றில் காப்புமூடி பிளேடை முழுதும் மூடாது. ஆகவே 2000-ஆம் ஆண்டில், சுமார் 37 லட்சம் ரம்பங்களுக்குப் புது மூடியை இலவசமாகத் தருவதாக அவற்றைத் தயாரித்த எமர்சன் கம்பெனி அறிவித்தது. மூடி பொருந்தாத மாடல்களுக்கு, மோட்டார் பகுதியைத் திருப்பித் தந்தால் 100 டாலர்.

அதற்குள் சறுக்கும் மைட்டர் ரம்பம் சந்தையைப் பிடித்துவிட்டது. அதைச் சுமந்து போகலாம். அறுக்கும்போது பிளேடை ஆளிடமிருந்து அப்பால் தள்ளினால் போதும். ஆனாலும் அகலப் பலகையைக் குறுக்கே அறுக்கப் பழைய ரம்பம் இன்னும் சளைத்ததல்ல. கைமாறி வந்த ஒன்றை வாங்குபவர் முதலில் மூடியைச் சரிபார்க்கட்டும், ஆட்டம் கண்ட இரும்புக் கையை இறுக்கட்டும். பிறகு குறுக்கு அறுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நெடுக்கு அறுப்பை மேசை ரம்பத்திடம் விடட்டும். எல்லாம் செய்யும் என்று விற்கப்பட்ட இயந்திரத்திடம் ஒரே வேலையை வாங்குவதுதான் விரல்களுக்கு நல்லது.