பிகின், கமிட் போட்டாச்சு… அப்புறமும் பணம் எப்படிக் காணாமப் போகுது?

டிரான்சாக்‌ஷன்னா என்னன்னு கேட்டா, "பிகின் போடு, எல்லாம் சரியா நடந்தா கமிட், நடுவுல எரர் வந்தா ரோல்பேக்"னு டக்குனு சொல்லிடுவோம். தப்பில்ல. ஆனா அது பாதிதான்.

ஒரு வாலெட் ஆப் எடுத்துக்கோங்க. பேலன்ஸ் 1000 ரூபாய். ஒரே நேரத்துல ரெண்டு ஆர்டர் வருது, ஒவ்வொன்னும் 700. நம்ம கோட் பேலன்ஸைப் படிக்குது, 700 இருக்கான்னு பார்க்குது, கழிச்சு 300-னு எழுதுது. ரெண்டுமே தனித்தனி டிரான்சாக்‌ஷனுக்குள்ளதான் ஓடுது. ஆனா ரெண்டும் 1000-னு படிச்சு, 300-னு எழுதி, கமிட்டும் ஆகிடுது. 1400 ரூபாய்க்குப் பொருள் போயாச்சு, கணக்குல இன்னும் 300 இருக்கு! லாக்ல ஒரு எரர் கூட இருக்காது. அதான் இதுல கடுப்பே.

ஏன் இப்படி? போஸ்ட்கிரெஸ்ல டீஃபால்ட், ரீட் கமிட்டட். அடுத்தவர் கமிட் பண்ணாத டேட்டா உங்க கண்ணுல படாது, அவ்வளவுதான் அதோட உத்தரவாதம். நீங்க படிச்ச மதிப்பு அப்படியே இருக்கும்னு அது சொல்லவே இல்ல. மைஎஸ்க்யூஎல்-ல (இன்னோடிபி) டீஃபால்ட் ரிப்பீட்டபிள் ரீட். பேரைக் கேட்டா தைரியம் வரும், ஆனா சாதாரண செலக்ட் போட்டுட்டு எழுதினா அங்கயும் இதே ஓட்டைதான்.

முடிஞ்சவரைக்கும் கணக்கை அப்டேட்டுக்குள்ளயே வைங்க: "பேலன்ஸ் 700 அல்லது அதுக்கு மேல இருந்தா 700 கழி." ரெண்டாவது ஆர்டர் முதல் ஆர்டரோட லாக்குக்காகக் காத்திருந்து, புது பேலன்ஸைப் பார்க்கும். எத்தனை வரிசை மாறுச்சுன்னு கோட்ல கண்டிப்பா செக் பண்ணுங்க; பூஜ்யம்னா பணம் இல்லன்னு அர்த்தம். லாஜிக் பெருசுன்னா செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு அந்த வரிசையை லாக் பண்ணிட்டுப் படிங்க. சீரியலைசபிளும் ஓகே. ஆனா போஸ்ட்கிரெஸ் 40001-னு எரர் கொடுத்தா, படிக்கிறதுலேருந்து மொத்தத்தையும் திரும்ப ஓட்டணும்.

இன்னொன்னு. டிரான்சாக்‌ஷனுக்குள்ள பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடாதீங்க, எஸ்எம்எஸ் அனுப்பாதீங்க. அந்தப் பக்கம் பதில் லேட்டானா, உங்க லாக்குக்குப் பின்னாடி மத்தவங்க எல்லாம் கியூவுல நிப்பாங்க. போன எஸ்எம்எஸ்ஸை ரோல்பேக் திருப்பிக் கொண்டுவராது. அனுப்ப வேண்டியதை ஒரு டேபிள்ல, அதே டிரான்சாக்‌ஷன்ல எழுதி வைங்க. கமிட் ஆனதுக்கு அப்புறம் தனி ஒர்க்கர் அனுப்பட்டும். அனுப்பிட்டு, குறிச்சு வைக்கிறதுக்குள்ள அந்த ஒர்க்கர் செத்துட்டா அதே எஸ்எம்எஸ் ரெண்டு தடவை போகும். எஸ்எம்எஸ்னா பரவாயில்ல, பேமென்ட்னா, ஆர்டருக்கு ஒரே ஐடி வெச்சு, அதே ஐடி திரும்ப வந்தா ரெண்டாவது தடவை பணம் எடுக்காத கேட்வேயாப் பாருங்க.