மருந்தும் உடம்பும்: பசியை அடக்கும் மாத்திரை

மருந்து சாப்பிட்டு ஏறிய எடையை இன்னொரு மருந்தால் இறக்க முடியுமா என்ற கேள்வி, மனநல மாத்திரை சாப்பிடுவோரின் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. எடையைக் கூட்டுவதில் மனநோய் மருந்துகளான ஓலன்சபின், குளோசபின் இரண்டும் முதல் வரிசையில் நிற்பவை. வால்புரோயேட், அமிட்ரிப்டிலின், மிர்டசபின், ஸ்டீராய்டு, சர்க்கரை நோய்க்கான இன்சுலின், கிளிமிபிரைடு ஆகியவையும் கூட்டும். ஓலன்சபின் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் ஏற்பிகளை அடைப்பதால் 'போதும்' என்ற நிறைவு வருவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் பக்கம் அரிசிச் சோறே பிரதானமான வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரவு மாத்திரை போட்டவர் பதினோரு மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் திறப்பார். உடம்பு தேறிவிட்டது என்று வீட்டார் முதலில் மகிழ்வார்கள். சில மாதங்களில் எட்டு, பத்து கிலோ ஏறி, சர்க்கரையும் கொழுப்பும் கூடிய பிறகே கவலை பிறக்கும்.

அப்போதுதான் பசியை அடக்கும் மாத்திரை மீது கண் போகிறது. அந்த மாத்திரைகளின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைத் தடிக்கச் செய்தது தெரியவந்ததும் 1997 செப்டம்பரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் ரிமோனபன்ட்டின் விற்பனையை ஐரோப்பா 2008-லும் இந்தியா 2009-லும் நிறுத்தின. எடை ஏறித் தவிக்கும் மனநோயாளிக்கு, மனத்தையே குலைக்கும் மருந்து எப்படித் தீர்வாகும்?

சிபுட்ரமின் கதை இன்னும் முக்கியமானது. மூளையில் நார்அட்ரினலினையும் செரோட்டோனினையும் கூட்டிப் பசியைக் குறைப்பது அதன் வேலை. கூடவே நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இதயநோய் அபாயமுள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஸ்கௌட் ஆய்வில், சிபுட்ரமின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் நிகழ்வுகள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தன. 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. மனச்சோர்வுக்கான செரோட்டோனின் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் உடல் சூடேறி, நடுங்கி, நிலைகுலையும் ஆபத்தும் உண்டு. தடைக்குப் பிறகும் 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் மெலிவு மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. லேபிளில் அதன் பெயர் இருக்காது. மூலிகைதானே என்று வாங்குபவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இப்போது பேசப்படுபவை செமாகுளூடைடும் டிர்செபடைடும். செமாகுளூடைடு மாத்திரை 2022-லும், டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைடு ஊசி 2025 ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை குடலிலிருந்து வரும் ஹார்மோனைப் போல வேலை செய்து பசியைத் தணிப்பவை. இதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைடை ஓலன்சபின், குளோசபின் சாப்பிடுவோருக்குக் கொடுத்து டென்மார்க்கில் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. 16 வாரங்களில், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குச் சுமார் 5 கிலோ குறைந்திருந்தது. பழைய மாத்திரைகளைவிட இவை பாதுகாப்பானவை என்றாலும் தொல்லை இல்லாதவை அல்ல. குமட்டலும் வாந்தியும் சகஜம். கணைய அழற்சியும் பித்தக்கல்லும் வரக்கூடும். இன்சுலின், கிளிமிபிரைடுடன் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். குடும்பத்தில் குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது.

ஆனால் ஊசிக்குப் போகும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முதல் மருந்தையே மறுபரிசீலனை செய்வது. நோய் கட்டுக்குள் இருந்தால் மனநல மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது எடையை அதிகம் ஏற்றாத அரிபிபிரசோல் போன்றதற்கு மாற்றுவார். மாற்ற முடியாதபோது மெட்ஃபார்மின் கைகொடுக்கும். சராசரியாக 3 கிலோ அளவுக்கு எடை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. மருத்துவரைப் பார்க்க, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 முதல் இந்த மாவட்டத்துக்கு உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வருவோருக்கு மாதாமாதம் வருவது சிரமம்தான். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஸ்டீராய்டில் இந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகிறது. மூட்டுவலிக்கு எனப் பெயரில்லாத பொட்டலங்களில் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வலியும் ஓயும், முகமும் உப்பும். இதற்குப் பசியடக்கி தேடுவது வீண் வேலை. மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அட்டையில் சிவப்புக் கோடு அச்சிட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், 'மூலிகை' டப்பா உள்பட, கொண்டுபோக வேண்டும். எந்த மருந்தின் பக்கவிளைவையும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்கு நோயாளியே தெரிவிக்கலாம்.